குடை சாரும் மாஸ்டர் பேனலும்

என் அக்கா புருஷனுக்கு வெயில் ஆகாது. சோலார் பேனல் செய்யும் தொழிற்சாலையில் சம்பளம் வாங்கிக்கொண்டே வெயிலைக் கண்டு முகம் சுளிக்கத் தனித் திறமை வேண்டும், அது அவரிடம் தாராளமாகவே இருந்தது. கேட்டிலிருந்து சோதனை அறை வரைக்கும் உள்ள முற்றத்தை, மழை இல்லாத நாளிலும் குடை பிடித்துத்தான் கடப்பார். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். செல்களுக்குக் கம்பி பற்றவைக்கும் எங்கள் சால்டரிங் பகுதிப் பெண்கள் அவருக்கு 'குடை சார்' என்று பெயர் வைத்தார்கள். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பெயர் 'சார்' என்று முடிந்ததே போதும் என்று இருந்திருப்பார்.

எனக்கு அவர் அத்தான். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே, கேட்டுக்கு வெளியேதான் அத்தான், உள்ளே வந்தால் சார் என்று கறாராகச் சொல்லிவிட்டார். சொந்தம் என்று தெரிந்தால் தன் கண்டிப்புக்கு மரியாதை போய்விடும் என்பது அவர் பயம். நான் அவர்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். காலையில் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் வருவோம். கேட்டைத் தாண்டியதும் அவர் குடையை விரித்து, என்னை முன்பின் பார்த்திராதவர் மாதிரி நடந்து போவார். ஒரு தடவை வாய் தவறி அத்தான் என்று கூப்பிட்டுவிட்டேன். அன்றைக்கு நாங்கள் அனுப்பிய பேனல்களில் பாதியைக் கண்ணாடி துடைக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்.

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் அவர் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருட்டறை வேலை பார்த்தவர். கல்யாணப் பேச்சு எடுத்தபோது அனுப்பிய போட்டோவை அவரே எடுத்து, அவரே கழுவி, அவரே திருத்தியும் இருந்தார். வழுக்கை கொஞ்சம் பின்வாங்கியிருந்தது, தோள் கொஞ்சம் அகன்றிருந்தது. அக்கா அதைப் பார்த்துத்தான் சம்மதித்தாள். நேரில் வந்து நின்றபோது நூற்றுக்குப் பத்தாவது குறைந்திருப்பார் என்பது என் மதிப்பீடு. அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் மேற்கொண்டு குறையவும் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

எல்லார் கையிலும் கேமரா வந்து ஸ்டுடியோ மூடியபோது அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இருட்டும் ஃப்ளாஷும் தேவைப்படும் இன்னோர் இடம் எங்கே இருக்கிறது என்று தேடினார், எங்கள் தொழிற்சாலை கிடைத்தது.

பேனல் தயாராகிக் கடைசியாக வந்து சேரும் இடம் அவருடைய சோதனை அறை. ஜன்னல் கிடையாது, வாசலில் இரண்டு அடுக்குக் கறுப்புத் திரை. உள்ளே ஒரு பெரிய பெட்டி. அதன் மேல் பேனலைப் படுக்கவைத்து, இரண்டு வயரை மாட்டி, பொத்தானை அழுத்தினால் கண் சிமிட்டும் நேரத்துக்கு உச்சி வெயிலுக்குச் சமமான ஒரு வெளிச்சம் அடிக்கும். இந்தப் பேனல் இத்தனை வாட் என்று மானிட்டரில் எண் வரும். அந்த எண்ணை ஸ்டிக்கராக அச்சடித்துப் பின்னால் ஒட்டுவார்கள், மூலையில் அத்தானின் கையெழுத்தும் அச்சாகியிருக்கும். நாங்கள் நாள் முழுக்கக் கண் எரிய உட்கார்ந்து செல்லுக்குச் செல் கம்பி வைத்துப் பற்றவைப்போம். அவர் ஒரு பொத்தானை அழுத்துவார். பேனல் அவருடையதாகிவிடும்.

சிலிக்கான் செல்லுக்கு ஒரு குணம் உண்டு. செய்து முடித்த கையோடு அளந்தால் ஒரு எண் காட்டும். முதன்முதலாக வெயிலில் கொண்டுபோய் வைத்தால் சில நாளிலேயே நூற்றுக்கு இரண்டோ மூன்றோ இறங்கிவிடும். அதற்குப் பிறகு அப்படியே நின்றுவிடும், வருஷக்கணக்கில் பெரிதாக இறங்காது. எங்கள் இடத்தில் இதற்கு 'முதல் வெயில் இறக்கம்' என்று பெயர். ஏன் இறங்குகிறது என்று எல்லாரையும் உட்காரவைத்து அத்தான்தான் ஒருநாள் வகுப்பெடுத்தார். சிலிக்கானில் கொஞ்சம் போரான் கலந்திருப்பார்கள், அது இருந்தால்தான் செல் வேலை செய்யும். உருக்கும்போது ஆக்சிஜனும் கொஞ்சம் அழையாத விருந்தாளியாக உள்ளே வந்து தங்கிவிடும். இருட்டில் இரண்டும் தன் தன் பாட்டுக்கு இருக்கும். வெளிச்சம் பட்டதும் ஜோடி சேர்ந்துவிடும். சேர்ந்த ஜோடி, வேலைக்குப் போகிற எலக்ட்ரானை வழியிலேயே மடக்கி உட்காரவைத்துவிடும். சேர வேண்டிய ஜோடியெல்லாம் சேர்ந்து முடிந்ததும் இறக்கமும் நின்றுவிடும்.

கல்யாணம் ஆனதும் வேலை குறையும் என்கிறீர்கள், அவ்வளவுதானே சார் என்று எங்கள் பகுதியில் நாங்கள் 'டீச்சர்' என்று கூப்பிடும் மூக்குக்கண்ணாடிக்காரி கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. போரானுக்குப் பதில் வேறொன்றைக் கலந்து இந்தத் தொல்லையே இல்லாத செல் இப்போது வருகிறதாம். எங்கள் முதலாளி வாங்குவது மலிவான பழைய ரகம், அதனால் தொல்லையும் இலவச இணைப்பாக வந்தது. வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவோம்: ஸ்டிக்கரில் உள்ளதிலிருந்து நூற்றுக்கு மூன்று வரை இறங்கலாம், அதற்கு மேல் இறங்கினால் எங்கள் பொறுப்பு.

இனி மாஸ்டர் பேனலுக்கு வருகிறேன். ஃப்ளாஷ் விளக்கு எல்லா நாளும் ஒரே மாதிரி எரியாது, பழசாகப் பழசாக மங்கும். அதனால் தினமும் வேலை தொடங்கும் முன், வெளியே ஒரு பரிசோதனைக்கூடத்தில் அளந்து முத்திரை வாங்கி வந்த ஒரு பேனலைப் பெட்டி மேல் வைத்து ஃப்ளாஷ் அடிப்பார். முத்திரையில் உள்ள எண்ணே வர வேண்டும். குறைவாக வந்தால் விளக்கைக் கொஞ்சம் ஏற்றுவார், கூடுதலாக வந்தால் இறக்குவார். சரியாக வந்தபின்தான் மற்றப் பேனல்களை அளப்பார். கடையில் எடைக்கல் எப்படியோ, எங்களுக்கு மாஸ்டர் அப்படி.

அந்தப் பரிசோதனைக்கூடத்தில், முதலில் வெயிலில் வைத்து இறக்கத்தை முடித்துவிட்டு அளக்கலாமே என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எண் குறையும் என்றதும் எங்கள் முதலாளிக்கு மனசு கேட்கவில்லை. புதுசாகவே அளந்து கொடுங்கள் என்றுவிட்டார். அதனால் எங்கள் மாஸ்டர், அந்த நொடி நேர ஃப்ளாஷைத் தவிர ஆயுள் முழுக்க வேறு வெளிச்சம் படாமல் காப்பாற்றப்பட வேண்டிய மாஸ்டர் ஆகிவிட்டது. துணைக்கு இன்னொரு பேனலுக்கும் முத்திரை வாங்கினார்கள். அது ஸ்டோர் ரூமில் பிரிக்காத பெட்டியில் கிடந்தது. ஒரு தொழிற்சாலைக்கு ஒரு மாஸ்டர் போதும் என்பார் அத்தான். பேனலைத்தான் சொன்னாரா என்று நான் கேட்டதில்லை.

மாஸ்டருக்கு உறை தைத்தவள் அக்கா. அவள் வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பள்ளிச் சீருடையும் திரைச்சீலையும் தைப்பவள். வெளியே தடித்த கறுப்புத் துணி, உள்ளே மெத்தென்று ஃபிளானல், மேலே மடித்துப் பொத்தான் போடும்படி ஒரு மடிப்பு. தன் மகளின் சீருடை இடுப்பில் நிற்கிறதா என்று ஒரு நாளும் கேட்காத மனுஷன், இந்த உறையை எத்தனையோ தடவை பிரித்துத் தைக்கச் சொன்னார். ஓர் ஊசிமுனை வெளிச்சம்கூட உள்ளே போகக் கூடாதாம். அக்கா கடைசியில் அவரையே உறைக்குள் தலையை விட்டுப் பார்க்கச் சொன்னாள். பார்த்துவிட்டு, இருட்டு பரவாயில்லை என்று சான்றிதழ் கொடுத்தார்.

பிறகு அந்தக் கண்காட்சி வந்தது. திறந்தவெளி மைதானம், எங்கள் கம்பெனிக்கும் ஓர் இடம். பார்வைக்கு நல்லதாக ஒரு பேனலைக் கொண்டுபோய் நிறுத்துங்கள் என்று முதலாளி சொன்னார். கிடங்கில் நல்ல பேனல் ஆயிரம் இருந்தது. ஆனால் பரிசோதனைக்கூடத்தின் பொன் நிற முத்திரை ஒட்டியது, ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடந்ததை விட்டால், ஒன்றே ஒன்றுதான். அந்தப் பொன் நிறம் போட்டோவில் எப்படி விழும் என்று ஒரு பழைய ஸ்டுடியோக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மாஸ்டரையே எடுத்துப் போனார்.

மூன்று நாள் மாஸ்டர் மைதானத்தில் சூரியனுக்கு நேராகச் சாய்ந்து நின்றது. அத்தான் பந்தல் நிழலில் நின்றார், போட்டோ எடுக்க ஆள் வந்தால் மட்டும் குடையை மடக்கிவிட்டு அதன் பக்கத்தில் வந்து நிற்பார். வெயில் பட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்கு வகுப்பெடுத்த அதே வாய், அந்த மூன்று நாளும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அப்படியானால் அவருக்கு உறைக்கவே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். முதல் வெயில் இறக்கம் சாதாரணப் பேனலுக்குத்தான் வரும், அளந்து முத்திரை குத்தி முடித்த பேனலுக்கு வராது என்று நினைத்தாராம். பட்டம் வாங்கியவர்களுக்குக் காய்ச்சல் வராது என்று நினைப்பதுபோல. இருந்தாலும் தினம் தினம் அதை அவ்வளவு பொத்திப் பொத்தி வைத்தாரே, அது எதற்கு என்று பின்னால் கேட்டேன். அது மரியாதைக்காக என்றார்.

கண்காட்சி முடிந்து மாஸ்டர் உறைக்குள் போனது. மறுநாள் ஃப்ளாஷ் அடித்தபோது எண் குறைவாக வந்தது. அத்தான் உதட்டைப் பிதுக்கி, விளக்குக்கு வயசாகிவிட்டது என்று முடிவு கட்டினார். விளக்கை ஏற்றினார். முத்திரை எண் வந்தது. நிம்மதியாக வேலையைத் தொடங்கினார்.

அன்றிலிருந்து எங்கள் தொழிற்சாலையில் ஒரு அதிசயம் நடந்தது. அதே செல், அதே கம்பி, அதே நாங்கள். ஆனால் பேனல்கள் எல்லாம் நூற்றுக்கு மூன்று கூடுதலாகக் காட்டின. எடைக்கல் தேய்ந்தால் கத்தரிக்காய் கனக்கத்தானே செய்யும். அது யாருக்கும் தோன்றவில்லை, தோன்றும் அவசரமும் யாருக்கும் இல்லை. முதலாளி கூட்டம் போட்டு, இது நிர்வாகத்தின் தொலைநோக்குக்குக் கிடைத்த வெற்றி என்றார். தொழில் சங்கம் ஒன்று தரத்துக்கான கேடயம் கொடுத்தது. அத்தான் தரப் பிரிவுத் தலைவர் ஆனார், முதுகு உயர்ந்த நாற்காலி வந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. மேடையில் பேசச் சொன்னபோது, அளவு என்பது ஒரு தவம் என்றார். நான் கைதட்டினேன், பக்கத்தில் எல்லாரும் தட்டினார்களே.

வீட்டுக் கூடத்தில், சாப்பாட்டு மேஜைக்கு எதிரே, கண்காட்சிப் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினார். அத்தான் முன்னால், மாஸ்டர் பின்னால். இரண்டு பேருமே பளபளவென்று இருந்தார்கள்.

அந்தப் புது ஸ்டிக்கர் ஒட்டிய பேனல்களை முதன்முதலில் மொத்தமாக வாங்கியவர் ஒரு குளிர்பதனக் கிடங்குக்காரர். கூரை முழுக்கப் போட்டார். மாதம் ஒன்று போனதும் தன் ஆட்களை வைத்து அளந்து பார்த்தார். நூற்றுக்கு மூன்று இறங்கலாம் என்று சொன்னது ஆறு இறங்கியிருந்தது. நேரே வந்து முதலாளி அறையில் உட்கார்ந்து, காரணம் சொல்லுங்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போங்கள் என்றார்.

காரணம் தேட முதலாளிக்கு அதிக நேரம் ஆகவில்லை. செல் வாங்கியது அவர், ஆகவே செல்லில் குற்றம் இருக்க வழியில்லை. அளந்தது கேடயம் வாங்கிய கை, அதைச் சந்தேகப்பட்டால் கேடயத்தைச் சந்தேகப்பட்டதாகும். மிச்சம் இருந்தது நாங்கள். சால்டரிங் சரியில்லாவிட்டால் பேனல் இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் எங்கள் இணைப்புகளை எக்ஸ்ரே மாதிரிப் படம் பிடிக்கும் கேமரா பக்கத்து அறையிலேயே இருந்தது, படங்கள் சுத்தமாக இருந்தன. முதலாளி அவற்றை வாங்கிப் பார்த்து, படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றார். பிறகு அத்தானைப் பார்த்து, உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார். பகுதித் தலைமை என்று நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"சால்டரிங்ல இருக்கலாம் சார். உறுதியா சொல்ல முடியாது" என்றார் அத்தான்.

அந்த 'இருக்கலாம்' போதுமானதாக இருந்தது. மாதக் கடைசியோடு எங்கள் பகுதியே கிடையாது, பற்றவைக்க மெஷின் வருகிறது என்று அறிவித்துவிட்டார் முதலாளி. வேலை போவது ஒரு பக்கம். கை சரியில்லாதவர்கள் என்ற பெயரோடு போவதுதான் அதைவிடப் பெரிய அடி. இந்தத் தொழிலில் மொத்தமே நாலு இடம், கேட்டுக்குக் கேட்டு ஆள் தெரியும். அந்தப் பெயரோடு போனால் எந்தக் கேட்டும் திறக்காது. டீச்சருக்கு வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். நக்கல் பேசிப் பேசியே பகுதியைச் சிரிக்கவைப்பவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் மாடிக்குப் போகாமல் நேரே அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன். அத்தான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில், இணைப்பு சுத்தமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், தெரிந்தும் எப்படி அப்படிச் சொன்னீர்கள் என்று கொட்டித் தீர்த்தேன். அவர் தட்டைப் பார்த்தபடியே, நான் இருக்கலாம் என்றுதானே சொன்னேன், இருக்கிறது என்று சொல்லவில்லையே என்றார். பூசி மெழுகுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நான் விடவில்லை. உங்கள் மெஷின் சரியாக அளக்கிறது என்று யார் கண்டது என்றேன். அதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

"என் மெஷினைப் பத்திப் பேசாத. தினமும் மாஸ்டரை வச்சுச் சரிபார்க்கிறேன். அந்த மாஸ்டர் மேல இன்னிக்கு வரைக்கும் பொட்டு வெளிச்சம் பட்டதில்ல."

அக்கா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"கண்காட்சி நடந்தப்ப அந்த உறையைத் துவைக்கச் சொல்லிக் கொண்டாந்தீங்க. மூணு நாளும் நம்ம கொடியிலதானே கிடந்துச்சு. அப்ப பேனல் எதைப் போட்டுட்டு இருந்துச்சு?"

அத்தானின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. எதிரே சுவரில் அவரே சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் மாஸ்டரின் கண்ணாடியில் வெயில் தகதகத்தது. நாங்கள் மூன்று பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனையோ நாள் அதே போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்.

அது முத்திரை போட்ட பேனல், அதற்கு அதெல்லாம் வராது என்று முனகினார். முத்திரையைப் பார்த்து வெயில் திரும்பிப் போய்விடுமா என்று அக்கா கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். முகத்தில் ஈயாடவில்லை. விளக்கை ஏற்றிய அந்தக் காலை அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். இப்போது போய்ச் சொன்னால் எல்லாம் போய்விடும், நாற்காலி, கேடயம், பேர் எல்லாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அக்கா செம்பைக் கீழே வைத்தாள்.

"கல்யாணத்துக்கு நீங்க அனுப்பின போட்டோவுல கொஞ்சம் கூட்டித்தான் போட்டிருந்தீங்க. பார்த்ததுமே தெரிஞ்சுது, பேசாம இருந்துட்டேன். அதுல நஷ்டம்னா எனக்கு மட்டும்தான். இது அப்படியில்ல, இத்தனை பேரோட பொழப்பு."

அவர் கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் பஸ்ஸில் நான் வேறு சீட்டில் உட்கார்ந்தேன். அத்தான் என்றும் கூப்பிடவில்லை, சார் என்றும் கூப்பிடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேலை தொடங்கும் நேரத்துக்கு அவரே எங்கள் பகுதிக்கு வந்தார். முதலாளியும் வருகிறார், எல்லாரும் சோதனை அறைக்கு வாருங்கள் என்றார். உள்ளே அத்தனை பேர் நின்று அந்த அறை பார்த்திருக்காது. ஸ்டோர் ரூமில் கிடந்த பெட்டியைத் தூக்கி வந்து எங்கள் கண் முன்னால் பிரித்தார். வெளிச்சமே காணாத துணை மாஸ்டர், அதே பொன் முத்திரையோடு. அதை வைத்து ஃப்ளாஷ் அடித்தார். முத்திரையில் உள்ளதைவிட நூற்றுக்கு மூன்று கூடுதலாக மானிட்டரில் எண் வந்தது.

"கூடத்தானே காட்டுது? நல்லதுதானே?" என்றார் முதலாளி. அவருக்கு எண் கூடினால் போதும்.

அத்தான் விளக்கினார். மாஸ்டர் வெயிலில் நின்று இறங்கிவிட்டது, அது தெரியாமல் நான் விளக்கை ஏற்றிவிட்டேன், அதனால் எல்லாப் பேனலும் மூன்று கூட்டிக் காட்டியது, கூரைக்குப் போனதும் அந்தப் பொய்யான மூன்றும் வழக்கமான மூன்றும் சேர்ந்து ஆறாகத் தெரிந்தது. முதலாளிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது, புரிந்ததும் வேகமாக வேலை செய்தார். சால்டரிங் கோளாறு என்று கிடங்குக்காரரிடம் சொல்லியாகிவிட்டது, மெஷினுக்கும் சொல்லியாகிவிட்டது, இனி மாஸ்டரைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளலாம், இதை இத்தோடு விடுங்கள் என்றார். நாங்கள் எல்லாரும் அங்கேயே நிற்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

தப்பித்துக்கொள்ள வழி அவ்வளவு சுலபமாகத் திறந்திருந்தது. அத்தான் பேசாமல் இருந்தாலே போதும், நாற்காலி மிஞ்சும். பேசாமல் இருப்பதில் பழக்கமும் உள்ளவர். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை.

"இல்ல சார். இவங்க கையில ஒரு குறையும் இல்ல. நேத்து நான் இருக்கலாம்னு சொன்னது பொய். தப்புப் பண்ணினது நான்."

முதலாளிக்குக் கோபம் தலைக்கேறியது. அவ்வளவு பத்திரமாக வைக்க வேண்டிய பேனலை எதற்காக வெளியே எடுத்துப் போனீர்கள் என்று கத்தினார். அத்தான் ஏதாவது கௌரவமான காரணம் சொல்வார் என்று நினைத்தேன். கம்பெனியின் பெருமை, வாடிக்கையாளரின் நம்பிக்கை என்று எத்தனையோ இருக்கிறதே. அவர் எங்கள் பக்கம் திரும்பி, எங்களைப் பார்த்தே சொன்னார்.

"போட்டோவுல நல்லா இருக்கும்னுதான்."

டீச்சர் மட்டும் கிளுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனுஷன் இருட்டறையில் கழுவி வெளியே விட்ட முதல் திருத்தாத படம் அதுதான்.

இத்தனை பேர் காதில் விழுந்ததை முதலாளியால் மூட முடியவில்லை. ஆகவே அதை வைத்து நல்ல பேர் வாங்கப் பார்த்தார். கிடங்குக்காரரிடம் நேரில் போய், எங்கள் கடுமையான உள்சோதனையில் நாங்களே கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லி, குறைந்ததற்கு ஈடாகப் பேனல் கொடுத்து, கைகுலுக்கிவிட்டு வந்தார். மெஷின் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. நாங்கள் எங்கள் இடத்தில் உட்கார்ந்து பற்றவைத்துக்கொண்டிருக்கிறோம். கேடயம் மட்டும் இன்னும் வரவேற்பறையில் இருக்கிறது, அதைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு யாருக்கும் ஞாபக சக்தி இல்லை.

அத்தானின் நாற்காலி போனது. இனிமேல் முன்கூட்டியே வெயிலில் வைத்து இறக்கத்தை முடித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்று கிடங்குக்காரர் கறாராகக் கேட்டதால், முற்றத்தில் ஒரு புது வேலை முளைத்திருந்தது. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில பேனல்களை எடுத்து வெயிலில் நாள்கணக்கில் நிறுத்தி, தூசி துடைத்து, சூரியனுக்கு ஏற்பத் திருப்பிவைக்க வேண்டும். அதற்கு யாரைப் போட்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

முதல் நாள் குடையோடுதான் முற்றத்துக்குப் போனார். குடையின் நிழல் பேனல் மேல் விழுந்தது. ஒரு செல்லில் நிழல் விழுந்தாலே அந்த வரிசை மொத்தமும் படுத்துவிடும் என்பது அவரே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார், பிறகு எடுக்கவில்லை. முதல் சில வாரம் ஆள் நன்றாக இறங்கிப்போனார். சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது, பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிழுவார். அக்கா கவலைப்பட்டாள். அப்புறம் அதுவும் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. இப்போது திடமாகத்தான் இருக்கிறார். எங்கள் பெண்கள் இன்றைக்கும் அவரைக் குடை சார் என்றுதான் சொல்கிறார்கள், குடையைப் பார்த்தே மாதக்கணக்கில் ஆகிறது.

கூடத்துப் போட்டோவை அவரேதான் கழற்றினார். ஆணி அப்படியே இருக்கிறது, அக்கா அதில் தன் அளவு நாடாவை மாட்டியிருக்கிறாள்.

போன வாரம் கிடங்குக்காரரின் ஆட்கள் வந்து புதுப் பேனல்களை அளந்தார்கள். ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்ததோ அதுவே வந்தது. எங்கள் சால்டரிங்கைப் பார்த்து, கை சுத்தம் என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனார்கள். டீ இடைவேளையில் எல்லாருமாக முற்றத்துக்கு ஓடினோம். அத்தான் முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு, ஒரு பேனலைக் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் போனை நீட்டி, சாரை ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும் என்று எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

நான் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, அத்தனை பேர் காதிலும் விழும்படி, "அத்தான், இங்க பாருங்க" என்று கூப்பிட்டேன்.

அவர் நிமிர்ந்தார். சார் என்று திருத்தவில்லை. போனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு துடைத்த பேனலைப் பார்த்தார்.

"தள்ளி நில்லும்மா," என்றார், "பேனல் மேல நிழல் விழுது."